நடைவழியில் வரும் நலிவும் நாதன் அருளும்

(பரமத்தி வேலூரில் கும்பாபிஷேக விழாவையொட்டி அமைந்த சொற்பொழிவு)



கும்பாபிஷேகம் என்பது கும்பத்து நீரால் கோயிலுக்கு உயிர் பெருக்கும் விழா. கும்பத்தில் நிறைந்திருப்பது நீர். அந்நீரில் மந்திரத்தால் எழுந்தருளுவது இறைவன் திருவருள். மனித உடம்பும் இத்தகைய ஒரு கும்பமே என்பது பெரியோர் துணிபு. உடம்பை முன்னம் இழிவென எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே உத்தமன் கோயில் கொண்டமை கண்டு அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூல நாயனார் தம் அனுபவத்தை உரைத்துள்ளார். கல்லால் ஆன கோயிலைப் பழுது பார்ப்பது திருப்பணி என்றால், தசையால் ஆன கோயிலைப் பழுது பார்ப்பதும் திருப்பணியே ஆகும். இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்கும் இடம் ஒன்று உண்டு. அது பாத யாத்திரை.

காவிரியின் கரையிலே வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் செழித்து நிற்கும் பரமத்தி வேலூர், வழிநடை அடியார்களை நெடுங்காலமாக அறிந்த ஊர். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் செல்லும் பெருஞ்சாலை இங்கேதான் காவிரியைக் கடக்கின்றது. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் அணுகும் நாட்களில் காவியும் பச்சையும் மஞ்சளும் உடுத்த அடியார் கூட்டம் காவடி சுமந்து, வேலனைப் பாடித் தென்திசை நோக்கி நடப்பதை இச்சமவெளி மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். சேலம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பழனிக்கு நடந்து செல்லும் பருவதராஜகுலத்து அடியார்களின் சிறப்பு நாடறிந்தது. தைப்பூசத்தையொட்டிப் பழனி சேர்ந்து, மலைமேலேயே பஞ்சாமிர்தம் சமைத்து, இரவில் மலைமேல் தங்கும் உரிமையும் பெற்றவர்கள் அவர்கள். வேலூரிலிருந்து பழனி நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. காவிரியின் ஈரம் கடந்ததும் வழி வறண்ட மேட்டு நிலத்தில் செல்கின்றது. தை மாதத்தில் விடியற்காலை பனி எலும்பைத் துளைக்கும். நண்பகலிலோ தார்ச்சாலை பாதத்தைச் சுடும். பங்குனியிலோ வெயிலின் கொடுமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தகைய வழியில் உடம்பு ஓரிடத்தில் நலிவது இயல்பு. முதல் நாள் குதிகாலில் கொப்புளம் தோன்றும். இரண்டாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் நண்பகலில் கண் இருண்டு, தலை சுழன்று, நடந்துகொண்டிருந்தவர் சாலையோரத்துப் புளியமரத்தைப் பற்றிக்கொண்டு நிற்பார். பெரும்பாலும் அது சிறு நலிவே. நிழலும் நீரும் உறக்கமும் கிடைத்தால் தீர்ந்துவிடும். ஆயினும் அந்த நேரத்தில் அவர் உள்ளத்தில் எழும் அச்சம் சிறிதன்று. உடம்புக்கு என்னவோ என்ற அச்சம் ஒருபுறம் இருக்க, விரதம் குறைவுபடுமோ, வேண்டுதல் பங்கப்படுமோ, உடன் வருவோர் இகழ்வரோ என்ற அச்சம் மறுபுறம் பெரிதாக எழுகின்றது. ஆதலின் அவர் வாய் திறவார். குருசாமி வினவினால், ஒன்றும் இல்லை என்று மறுமொழி கூறிவிட்டு மீண்டும் நடப்பார். சிறு நலிவு பெருநோயாவது இந்த ஒரு சொல்லினால்தான்.

நோயை மறைப்பது பக்தியா? நோய்க்குப் பரிகாரம் தேடுவது பக்திக்குக் குறைவா? இந்த வினாவுக்கு விடை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வேலூருக்கு அணித்தாயுள்ள திருச்செங்கோட்டிலேயே அது கிடைக்கின்றது.

ஏழாம் நூற்றாண்டில் ஆளுடைய பிள்ளையாராகிய திருஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோடு கொங்கு நாட்டுக்கு எழுந்தருளினார். பைஞ்ஞீலியையும், காவிரியின் வடகரையிலுள்ள ஈங்கோய்மலையையும் வணங்கி, மேற்றிசை நோக்கி வந்து கொடிமாடச் செங்குன்றூரை அடைந்தார். அதுவே இன்றைய திருச்செங்கோடு. பின்னர்த் திருநணாவாகிய பவானியை வழிபட்டு, மீண்டும் செங்குன்றூருக்கு வந்து தங்கினார். அப்போது பனிப்பருவம். சோழ நாட்டுச் சமவெளியிலிருந்து நெடுந்தொலைவு நடந்து வந்த அடியார்களைக் கொங்கு நாட்டுக் குளிர்சுரம் பற்றியது. உடல் நடுங்கிற்று, நடை தளர்ந்தது. இந்நிகழ்ச்சியைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைக்கின்றார்.

இங்கே அடியார்கள் செய்தது என்ன? மறைத்தார்களா? இல்லை. தமக்கு நேர்ந்ததைப் பிள்ளையார் திருமுன் சென்று அறிவித்தார்கள். ஞானப்பால் உண்ட பெருமானுடன் வந்தோர்க்கும் நோய் வருமோ என்று உலகம் பேசுமே என நாணவில்லை. பிள்ளையாரும் அவர்களது பக்தியில் குறை கண்டாரல்லர். அது அந்நாட்டின் இயல்பு என்று உணர்ந்து, அடியாரை அது தீண்டலாகாது என்று திருவுளங் கொண்டு, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பதிகம் பாடியருளினார். சுரம் அடியாரை விட்டு நீங்கியதோடு அந்நாட்டையும் விட்டு நீங்கிற்று என்பர்.

அத்திருநீலகண்டப் பதிகத்தின் முதற்பாட்டில் அமைந்த கருத்து ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. துன்பம் முன்னை வினையின் பயன் என்று பேசத் தெரிந்தவர்கள், அதிலிருந்து உய்யும் வழியை நாடாமல் வாளா இருப்பது குற்றம் அன்றோ என்று பிள்ளையார் கேட்கின்றார். ஊழ் என்று சொல்லிக் கைகட்டி இருப்பதை அவர் பக்தி என்று ஏற்கவில்லை. வந்த துன்பத்துக்குக் கைச்செயலும் வேண்டும், கழல் போற்றுதலும் வேண்டும். நோயை உரைப்பதும், அதற்கு வழி தேடுவதும், ஈசனைத் தொழுவதும் ஒரே நெறியின் மூன்று படிகள். செங்குன்றூர் மண்ணிலிருந்து பாத யாத்திரை அடியார் பெறத்தக்க முதற்பாடம் இது: நலிவு வந்தால் மறையாது உரைத்தல்.

இரண்டாம் பாடத்தைத் திருநாவுக்கரசர் வரலாறு கற்பிக்கின்றது. உழவாரப் படை ஏந்தித் தலந்தோறும் நடந்த அப்பர் அடிகள் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் தாகத்தாலும் மிகவும் வருந்தினார். ஆயினும் சித்தம் கலங்காமல் நடந்தார். அவ்வருத்தத்தைத் தீர்க்கத் திருவுளம் பற்றிய இறைவன், வழியிலே ஒரு சோலையும் குளமும் அமைத்து, வேதியர் வடிவில் பொதிசோறு ஏந்திக் காத்திருந்தான். இளைத்துவந்த அடிகளைக் கண்டு, இச்சோற்றை உண்டு, இப்பொய்கையில் நீர் பருகி, இளைப்பு நீங்கிப் போவீராக என்றான். அடிகள் உண்டு, பருகி, தெளிந்த பின் அவரோடு தானும் துணையாக நடந்து வந்து, பைஞ்ஞீலிக்கு அருகே மறைந்தான்.

இறைவன் செய்த அந்த உபசாரத்தின் முறையைக் கவனிக்க வேண்டும். முதலில் நிழல், அடுத்து உணவு, பின்னர் நீர், அதன்பின் இளைப்பாறுதல், எல்லாவற்றிற்கும் பிறகே நடை, அதுவும் துணையோடு நடை. உன் பக்தி பெரிது, தொடர்ந்து நட என்று இறைவன் சொல்லவில்லை. நடை தளர்ந்தவர்க்கு இன்று மருத்துவர் கூறும் முதலுதவியும் இதனோடு பெரிதும் ஒத்திருப்பது வியப்புக்குரியது.

வெயிலில் நெடுந்தூரம் நடப்பவர் உடம்பிலிருந்து வியர்வையாக வெளியேறுவது வெறும் நீரன்று, உப்பும் உடன் போகின்றது. ஆகவே மிகுதியாக வியர்த்தவர் வெறும் நீரை மட்டும் குடங்குடமாகப் பருகினால் சோர்வு தீராது. சில வேளை உடம்பின் உப்பு மேலும் நீர்த்து, தலைவலியும் குமட்டலும் மயக்கமும் மிகும். நீரோடு உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்ந்தால், சர்க்கரை உப்பையும் நீரையும் குடற்சுவர் வழியே இரத்தத்துக்கு விரைந்து இழுத்துச் செல்லும். 1971 ஆம் ஆண்டு வங்காள அகதிகள் இந்திய எல்லையில் வந்து குவிந்தபோது, பங்காவ் முகாமில் வாந்திபேதி நோய் கொள்ளை கொண்டது. ஊசி வழியே செலுத்தும் மருந்துநீர் போதாமற்போகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வாய்வழியே பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. எளிய பொருளில் எத்துணை ஆற்றல்!

மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்துப் பருகுதல் சிறப்பு. அது கிடையாதபோது காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியின் தலை தட்டிய அளவாக இட்டுக் கலக்கலாம். அளவு மிகலாகாது. உப்பிட்ட நீர்மோரும் கஞ்சியும் முன்னோர் வழிநடைக்கு வைத்திருந்த அரிய பானங்கள். கோடைக்காலத் திருவிழாவில் மோரும் பானகமும் வழங்கும் வழக்கம் சுவைக்காக மட்டும் ஏற்பட்டதன்று.

கண் இருண்டு விழுந்தவரை நிழலில் மல்லாத்திக் கால்களைச் சற்று உயர்த்தி வைத்து, ஆடையைத் தளர்த்திக் காற்றுவிட வேண்டும். கூட்டம் சூழ்தல் கூடாது. நினைவு முற்றும் திரும்புமுன் வாயில் நீர் ஊற்றுவது பெருந்தவறு; அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பாதத்துக் கொப்புளத்தைக் குத்தி உடைக்காமல் தூய நீரால் கழுவித் தூய துணியால் மூட வேண்டும்.

சர்க்கரை நோய் உடையவர்கள் தனியே கருதத்தக்கவர்கள். விரதம் காத்து உணவைக் குறைத்து, மாத்திரையையோ ஊசியையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, நாள் முழுதும் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வழியும், பேச்சு குழறும். அந்நிலையில் விழுங்கும் நினைவு இருக்குமாயின் உடனே சர்க்கரையோ வெல்லமோ கொடுக்க வேண்டும். அன்றியும், அந்நோயாளர் சிலர்க்குப் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கும். முள் தைத்ததும் தெரியாது, சூடு பட்டதும் தெரியாது. வெறுங்காலுடன் நடக்கும் அவர்களுடைய பாதங்களை மாலைதோறும் மற்றொருவர் பார்த்தறிதல் நன்று. புறப்படுமுன் மருத்துவரைக் கலந்து, மருந்தையும் உணவையும் விரதத்துக்கேற்ப அமைத்துக்கொள்வது அவர்களுக்கு விரதத்தின் ஓர் உறுப்பாகவே கருதத்தக்கது.

சில அறிகுறிகள் மட்டும் சிறு நலிவு என்று இருந்துவிடத்தக்கன அல்ல. நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இளைப்பாறியும் தணியாத மூச்சுத் திணறல், உடம்பு அனலாகக் கொதித்து அறிவு தடுமாறுதல் ஆகியவை தோன்றினால், திருநீறு இடும் கையே தொலைபேசியையும் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றி மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு 2008 ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. ஊர்தி வரும் வரை, கொதிக்கும் உடம்பை நனைத்த துணியால் குளிர்விக்க வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன் என்று மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டினார். பாத யாத்திரைக் கூட்டத்தில் மருத்துவர் எப்போதும் இரார். மருந்தும் சிறிதே இருக்கும். ஆனால் உடனிருப்பவர் இலரென்பதில்லை. ஒருவர் பின்னே ஒருவர் நடப்பது ஒருவர் முகவாட்டத்தை ஒருவர் காண்பதற்கே. குருசாமியின் பெருமை விரைந்து நடப்பதில் இல்லை. கூட்டத்தின் கடைசியில் வருபவரின் நடையை அளந்து தம் நடையை அமைத்துக்கொள்வதிலேதான் இருக்கின்றது.

இவ்வளவு செய்தும் நடக்க இயலாமற் போனால்? இதுவே அடியார் உள்ளத்தை மிகவும் வருத்தும் நிலை. பழனி மலையின் சிகரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவிலோ, அதற்கும் முன்னரோ, வாகனத்தில் ஏற நேர்ந்தவர் முகத்தை மறைத்து அழுவதுண்டு. நாற்பத்தெட்டு நாள் விரதமும் வீணாயிற்றே என்று அவர் எண்ணுகின்றார்.

அவருக்கு ஆறுதல் திருநெல்வாயில் அரத்துறையில் இருக்கின்றது. குழந்தைப் பருவத்துத் திருஞானசம்பந்தர், தந்தையாரின் தோளையும் தவிர்த்து, மெல்லிய பாதம் நோக நடந்து அரத்துறைக்குச் சென்றார். இரவு வழியில் மாறன்பாடியில் தங்கினார். இறைவன் அரத்துறை அடியார்களின் கனவில் தோன்றி, முத்துச்சிவிகையும் குடையும் சின்னமும் அருளி, அவற்றைப் பிள்ளையாருக்குக் கொடுக்கச் செய்தான். நடந்தே வரவேண்டும் என்று இறைவன் சோதிக்கவில்லை. நொந்த பாதத்துக்கு ஊர்தி அனுப்பினான். பிள்ளையாரும் அதனைத் திருவருளின் வடிவாகவே வணங்கி ஏறினார். தளர்ந்த அடியாரை ஏற்றிச்செல்ல வரும் வாகனத்தையும் அவ்வாறு கருதத் தடையென்ன?

இதனினும் பெரிய ஆறுதல் அப்பர் அடிகளின் கயிலை யாத்திரை. கால் தேய்ந்தபின் கையால் ஊன்றியும், கை தேய்ந்தபின் மார்பால் உந்தியும், பின்னர்ப் புரண்டும் சென்ற அப்பெரியார் உறுப்பெல்லாம் ஓய்ந்து கிடந்தார். ஆளும் நாயகன் கயிலையைக் காணாமல் அழியும் இவ்வுடம்போடு மீளேன் என்றார். அந்த உறுதியின் முன் இறைவன் என்ன செய்தான்? இன்னும் புரண்டு வருக என்றானா? இல்லை. வருந்திய உறுப்புக்களை நலம்பெறச் செய்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழச் செய்தான். அங்கே கயிலைக் காட்சி நல்கினான். அடியார் சென்றடைய இயலாத இடத்தை, அடியார் இருக்கும் இடத்துக்கே கொணர்ந்தான். நடந்த அடிகளை எண்ணிப் பார்த்து அருள் புரிபவன் அல்லன் இறைவன். நின்றுவிட்ட இடத்திலும் அவன் நிற்கின்றான். காவிரிக்கரையில் நோயால் நின்றவர்க்கு வேலூர்க்கு அருகிலுள்ள கபிலர்மலை முருகனும் பழனி முருகனும் வேறல்லர்.

இனி, நடவாது ஊரில் இருப்போர்க்கு உரிய பங்கைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். இத்திருக்கோயிலுக்குக் கொடையளித்த பெருமக்கள் சிறப்பாகச் சிந்திக்கத்தக்கது இது.

வேலூர்ப் பாலத்தைக் கடந்தால் தென்கரையில் புகழூரை அடுத்து ஆறுநாட்டார் மலை நிற்கின்றது. முருகன் கோயில் கொண்ட அம்மலையின் குகையில் பாறையைச் செதுக்கி அமைத்த படுக்கைகள் உள்ளன. அவற்றின் அருகே பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டும் உண்டு. சேரர் குலத்து இளங்கடுங்கோ இளங்கோவான காலத்தில், யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் சமணத் துறவிக்குக் கல்லறுத்துத் தந்ததை அது தெரிவிக்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்த செய்தி இது. ஊர் ஊராக நடந்த துறவிக்கு ஓர் அரச குமரன் அளித்த கொடை பொன்னன்று, ஊரன்று. தலை சாய்க்க ஓர் இடம். சமயம் எதுவாயினும், வழிநடந்து இளைத்தவனுக்கு இடந்தருவது அறம் என்று காவிரிக்கரை மண் அன்றே கண்டிருந்தது.

திங்களூரில் வாழ்ந்த அப்பூதி அடிகள் திருநாவுக்கரசரை நேரிற் காணுமுன்னரே அவர் திருப்பெயரால் வழியில் தண்ணீர்ப்பந்தல் அமைத்தார். தாகங் கொண்டு வருவோர் யார் என்று அவர் வினவவில்லை. ஒருநாள் அப்பெயருக்கு உரியவரே அவ்வழி வந்து அப்பந்தலின் நிழலில் நின்றார். தண்ணீர்ப்பந்தல் வைப்பவனுக்கு, வருகின்றவர் எவர் என்று முன்கூட்டித் தெரியாது. அதுதான் அவ்வறத்தின் அழகு.

ஆகவே, கோபுரம் பொலிய நிதி கொடுத்த கைகள், தை மாதத்திலும் பங்குனியிலும் சாலையோரத்தில் ஒரு பந்தலுக்கும் உதவுமாயின் அத்திருப்பணி நிறைவெய்தும். அப்பந்தலில் காய்ச்சி ஆறிய நீர் இருக்கட்டும். உப்பிட்ட மோர் இருக்கட்டும். பாதம் கழுவ ஓர் அண்டா வெந்நீர் இருக்கட்டும். கொப்புளம் கட்டத் தூய துணியும், உப்புச் சர்க்கரைப் பொட்டலமும், படுக்க நாலு பாயும் இருக்கட்டும். அனைத்திலும் மேலாக, வருகின்றவரை நோக்கி, உடம்பு எப்படி இருக்கிறது சாமி, என்று பரிவோடு கேட்கும் ஒருவர் இருக்கட்டும். அக்கேள்வியின் பரிவில்தான் மறைத்துவைத்த நோய் வெளிவரும். செங்குன்றூரில் அடியார்கள் மறையாது உரைத்தார்கள். உரைப்பதற்குச் செவி சாய்க்கும் பிள்ளையார் அங்கே இருந்தார். இன்று அச்செவியாக இருக்கும் பேறு வழியோரத்து ஊர்களுக்கு வாய்த்திருக்கின்றது.

யாகசாலையிலிருந்து புறப்படும் கும்பத்தை, நீர் தளும்பாமல், கைநடுங்காமல், ஒவ்வோர் அடியும் பார்த்து வைத்து விமானத்துக்கு ஏந்திச் செல்வார்கள். ஒவ்வோர் அடியாரும் அத்தகைய கும்பம் ஏந்தியே நடக்கின்றார். வழியில் அது சரியுமானால் தாங்கிக்கொள்வது உடன் நடப்பவர் கடமை. இறக்கி வைத்து இளைப்பாற இடந்தருவது ஊரார் கடமை. நிறைவாகக் கொண்டு சேர்ப்பது இறைவன் அருள்.

அவ்வருள் இத்திருக்கோயிலிலும், இவ்வூர் வழியே நடக்கும் அடியார் அனைவரிடத்தும், அவர்களைப் பேணும் அன்பர் இல்லங்களிலும் ஓங்கி நிலவுவதாக.

திருச்சிற்றம்பலம்.